தவக்காலமும் இறை இரக்கமும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பங்கில் (ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில்) பல வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். மாசி பிறந்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் நெருங்கினால் போதும், பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்கள்தான் அதிகம் கேட்பார்கள். கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்ட கேள்விகள், சந்தையில் காய் வாங்கும்போது நிறுத்திக் கேட்டவை, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் சாமியார் இல்லை. சட்டம் சொல்ல வேண்டிய இடத்தில் சட்டத்தைச் சொல்லியிருக்கிறேன், மற்ற இடங்களில் என் மனதுக்குப் பட்டதை.

தவக்காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? நாற்பது நாள் என்கிறார்கள், எண்ணினால் கூடுதலாக வருகிறதே?

சாம்பல் புதன் அன்று தொடங்குகிறது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன் முடிகிறது. நாற்பது நாள் கணக்கை மட்டும் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனி வரை கொண்டுபோவார்கள். சாம்பல் புதன் முதல் அந்தச் சனி வரை எண்ணினால் 46 வரும். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்துப் பாருங்கள், 40 சரியாக வந்துவிடும். ஞாயிறு எந்தக் காலத்திலும் உயிர்ப்பின் நாள் என்பதால் அது நோன்புக் கணக்கில் சேராது. 2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் பிப்ரவரி 10, மார்ச் 28. சீர்திருத்த சபைக்காரர்கள் இதையே லெந்து நாட்கள் என்பார்கள்.

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் எதிலிருந்து வருகிறது?

போன வருடக் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல். வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் ஓலையை அதனால்தான் கோயிலில் திரும்பக் கேட்கிறார்கள்.

எங்கள் பாட்டி காலத்தில் இந்த நாளுக்கு 'விபூதிப் புதன்' என்றே பெயர். ஒரு வருடம் காலைத் திருப்பலி முடிந்து நெற்றிச் சாம்பலோடு பால் வாங்கப் போனேன். அடுத்த வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னிக்கு நீயும் நீறு பூசிருக்க?" என்றார். "நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்னு சொல்லிப் பூசுவாங்க ஆச்சி" என்றேன். "அதத்தான் இங்கேயும் சொல்றாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வகுப்பில் அரை மணி நேரம் நான் விளக்குவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

'இறைவனின் இரக்கம்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். பரிதாபப்படுவதுதானே அது?

பரிதாபத்தில் மேலே நிற்கிற ஆள் ஒருவர், கீழே கிடக்கிற ஆள் ஒருவர். விவிலியத்தின் சொல் அப்படிப்பட்டது அல்ல. பழைய ஏற்பாட்டில் இரக்கத்துக்கு வரும் எபிரேயச் சொற்களில் ஒன்று 'ரஹமீம்'. கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு. நமக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. ஊரெல்லாம் ஏசுகிற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, "என்ன இருந்தாலும் பெத்த வயிறு கேக்கல" என்று ஒரு தாய் சொல்வாளே, அந்த வயிறுதான் இது. தாய் தன் பால்குடிப் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன் என்று எசாயா 49-ஆம் அதிகாரத்தில் வருவதும் இதே பொருளில்தான்.

நாற்பது நாளும் ஒழுங்காக நோன்பு இருந்தால் வருடம் முழுக்கச் செய்த பாவத்துக்குக் கணக்கு நேராகிவிடுமா?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். வட்டியும் முதலும் பேசியே வளர்ந்த ஊர் இது, கேள்வியும் அப்படித்தானே வரும்?

என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதினார். கழுத்தில் கத்தோலிக்கர் பக்திக்காக அணியும் உத்தரியம் கிடக்கும். எதிரே பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழியும் சிவமயமும் இருக்கும். யாராவது சிரித்தால், "பேரேடு முதலாளியோடது, சுழியும் அவரோடது, கூட்டல் மட்டும்தான் என்னோடது" என்பார். ஒரு வருடக் கடைசியில் ஐந்தொகை (வருட இருப்புக் கணக்கு) எடுக்கும்போது, மழை பொய்த்து நொடிந்துபோன ஒரு சம்சாரியின் பெயரில் நின்ற பற்றைத் தள்ளுபடி போடச் சொன்னாராம் முதலாளி. அப்பா அதை எங்களுக்குச் சொன்னது முதலாளியின் தாராளத்தைப் புகழ அல்ல, கணக்குப் பாடமாகச் சொன்னார். "தள்ளுபடின்னா தொகை மாயமாப் போயிடாதுடா. அவன் பேர்ல அடிச்சா முதலாளி பேர்ல நட்டம்னு எழுதணும். இல்லேன்னா ஐந்தொகை இடிக்கும்."

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையை அதற்கப்புறம் என்னால் வேறு மாதிரி வாசிக்க முடியவில்லை. ஓர் அரசனுக்கு அவன் பணியாளன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. நாளுக்கு 500 ரூபாய் என்று நம் ஊர்க் கணக்குப் போட்டால் 3,000 கோடி ரூபாய். அவன் காலில் விழுந்து, "பொறுத்தருளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன்" என்கிறான். வருடத்துக்கு 300 நாள் வேலை பார்த்தாலும் 2 லட்சம் வருடம் ஆகும். கேட்டது தவணைதான். அரசனோ முழுக்கத் தள்ளுபடி செய்துவிடுகிறான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். நாற்பது நாள் நோன்பு என்பது அந்தப் பணியாளன் கேட்ட தவணை மாதிரி. கட்டித் தீர்க்கலாம் என்ற நினைப்பே கடனின் அளவு தெரியாததால் வருகிறது. அரசன் அடித்த தொகை அரசன் பெயரில்தானே நட்டமாக ஏறும்? பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடக் குனியும்போது எனக்கு அப்பாவின் பேரேடுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று. கத்தோலிக்கர் சொல்லும் கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று வரும். சீர்திருத்த சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. மத்தேயுவின் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லும் கடன்தான். இந்த ஒரு வரியில் அவர்கள் மொழிபெயர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்படியானால் நோன்பு எதற்கு?

நம்மை நாமே பார்க்க. ஒரு தவக்காலத்தில் பதினொரு மணி டீயை நிறுத்தினேன். முதல் வாரம் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். 'நான் பொறுமைசாலி' என்று அதுவரை நினைத்திருந்தேன். பொறுமையாக இருந்தது நான் இல்லை, டீ.

சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் யோவேல் இறைவாக்கு, உடையைக் கிழிக்க வேண்டாம், இதயத்தைக் கிழியுங்கள் என்கிறது. வயிறு காயும்போது இதயம் எந்த இடத்தில் தைத்திருக்கிறது என்பது கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான் நோன்பின் வேலை.

சட்டப்படி எந்த நாளில் என்ன சாப்பிடக் கூடாது?

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சம். 18 வயது நிறைந்தவர்கள் முதல் 60-ஆம் வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்கு இது கடமை. இந்த இரண்டு நாளும் தவக்கால வெள்ளிகளும் சுத்தபோசன நாட்கள், இறைச்சி கூடாது. இது 14 வயது நிறைந்த எல்லோருக்கும். நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வீராப்புக்கு ஒருசந்தி இருந்து மயங்கி விழுவதில் யாருக்கும் புண்ணியம் இல்லை.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா? நண்டு?

சட்டம் தடுப்பது இறைச்சியை. மீனும் நண்டும் அதில் சேராது. ஆக, சட்டப்படி நண்டு ரசம் வைத்துக் குடித்துவிட்டு சுத்தபோசனம் இருந்தேன் என்று சொல்லலாம். செட்டிநாட்டில் நண்டு ரசம் எப்படி வைப்பார்கள் என்று தெரிந்த யாரும் அதைத் தவம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சைவம் என்றாலும் இதே வம்புதான். கறி இல்லை என்று சொல்லிவிட்டு, அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து ஒரு வெண்டைக்காய் மண்டி, மாலையில் வெள்ளைப் பணியாரம், மறுநாளைக்குக் கும்மாயம். நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மிச்சப்பட்ட கறிக்காசு எங்கே போனது என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நோன்பில் மிஞ்சியது பசித்தவனுக்குப் போக வேண்டும் என்பது திருச்சபையின் பழைய வழக்கம். இயேசு மலைப்பொழிவில் தர்மம், செபம், நோன்பு மூன்றையும் சேர்த்தே பேசுகிறார். மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறார். செம்பு முதல் குத்துவிளக்கு வரை எல்லாவற்றிலும் பெயர் வெட்டி வைக்கிற ஊரில், பெயர் வெட்டாமல் ஒன்றைக் கொடுப்பதே பெரிய தவம்.

பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்து இருபது வருடம் ஆகிறது. இப்போது போனால் திட்டமாட்டார்களா?

திட்டக் கூடாது. ஆனால் நடக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். என் இளவயதில் ஒரு சாமியார் கூண்டுக்குள்ளிருந்து கடிந்துகொண்டார். அந்தக் கோபத்தில் ஏழு வருடம் போகாமல் இருந்தேன். அவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், என்னை மறந்தும் போயிருப்பார். ஏழு வருடமும் எனக்குத்தான் நட்டம்.

போனதும், "எனக்கு இருபது வருஷம் ஆச்சு, எப்படிச் சொல்றதுன்னே மறந்துபோச்சு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீதியை அவர் கேட்டுக் கேட்டு நடத்திக் கொடுப்பார். இப்போது ஒப்புரவு என்று சொல்கிறார்கள், பெயர்தான் மாறியிருக்கிறது. கனமான பாவங்களை வருடத்துக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது சட்டம். கேட்டதை வெளியே சொல்ல எந்தக் குருவுக்கும் அனுமதி இல்லை. நேரடியாக வெளிப்படுத்தினால் அந்தக் கணமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார், தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

தெரிந்த சாமியாரிடம் கூச்சமா? வேறு பங்குக்குப் போங்கள். தேவகோட்டைக்காரர்கள் காரைக்குடி செக்காலை சகாய மாதா கோயிலுக்கும், காரைக்குடிக்காரர்கள் தேவகோட்டைக்கும் பஸ் ஏறுவது ஊரறிந்த ரகசியம். இரண்டு பேரும் வழியில் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரிப் போவார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் தொடங்கிவைத்த 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்', தவக்கால நான்காம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனிகளில் நடக்கும். ஒப்புரவுக்கென்றே கோயிலைத் திறந்து வைப்பார்கள்.

அண்ணன் என்னை ஏமாற்றிப் பங்கை எழுதிக்கொண்டார். மன்னிப்பும் கேட்கவில்லை. நான் எப்படி மன்னிப்பது?

செட்டிநாட்டில் தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. பர்மாத் தேக்குக் கதவு, ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை, நடுவே முற்றத்தில் ஆலங்கன்று. பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள் ஒரு காரணம். பங்காளிகள் ஒரே சொல்லுக்கு வராதது இன்னொரு காரணம். நம் வீடுகள் அத்தனை பெரிதல்ல, ஆனால் பூட்டு அதே மாதிரிதான்.

மேலே சொன்ன கதையின் மறுபாதி இங்கேதான் வருகிறது. 3,000 கோடி தள்ளுபடி ஆனவன் வெளியே வருகிறான். தனக்கு நூறு தெனாரியம், அதாவது நம் கணக்கில் 50,000 ரூபாய் தர வேண்டிய உடன் பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான். கவனியுங்கள், 50,000 ரூபாய் பொய்க்கடன் இல்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி, வலிக்கத்தான் செய்யும். உங்கள் அண்ணன் செய்ததும் உண்மையான அநியாயம்தான். இயேசு அதை இல்லை என்று சொல்லவில்லை.

மன்னிப்பது வேறு, சமாதானமாவது வேறு. சமாதானத்துக்கு இரண்டு பேர் வேண்டும், அவர் வந்து கேட்க வேண்டும். மன்னிப்புக்கு நீங்கள் ஒருவர் போதும். 'அவன் எனக்கு அழ வேண்டும்' என்று மனதில் ஓடும் வட்டியை நிறுத்துவது அது. பத்திரம் பொய் என்றால் வழக்கை நடத்துங்கள், உங்கள் பிள்ளைகளின் பங்கு அது. வழக்கை நடத்திக்கொண்டே அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய் நிற்க முடியும். போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலில் யாரும் 'வாங்க' என்று சொல்லாமல் ஓரமாக நின்று, மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அது சுலபமாக இருந்தது என்று அவர்களும் சொல்லவில்லை.

நான் வட்டிக்கு விடுகிறேன். தவக்காலத்தில் மட்டும் நிறுத்தி வைக்கலாமா?

நேர்மையான கேள்வி. இதைக் கேட்டவரை எனக்குப் பிடித்துப்போனது. வட்டி வாங்குவதே பாவம் என்று இன்றைய திருச்சபை சொல்வதில்லை. ஆனால் இல்லாதவனின் அவசரத்தை வைத்துப் பிழியக் கூடாது என்பதில் விவிலியம் ஆரம்பம் முதலே கறார். வறுமைப்பட்ட சகோதரனிடம் வட்டி வாங்காதே என்று லேவியர் 25-இல் இருக்கிறது. நாள் வட்டி, மீட்டர் வட்டிக்கெல்லாம் நாட்டுச் சட்டமே இடம் கொடுக்கவில்லை, தமிழ்நாட்டில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது.

நாற்பது நாள் நிறுத்திவிட்டு ஈஸ்டர் திங்களன்று சேர்த்து வசூலிப்பதில் என்ன இருக்கிறது? சக்கேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபின், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இரக்கம் முதலில் வந்தது, நோட்டு அதன்பின் திறந்தது. உங்கள் நோட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, அசலுக்கு மேலே எத்தனை மடங்கு கட்டிவிட்டார்கள் என்று பெயர் பெயராகப் பாருங்கள். யாருக்குப் பைசல் எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

இறை இரக்கப் படம், செபமாலை எல்லாம் தவக்காலத்தோடு சேர்ந்ததா?

அந்தப் பக்தி போலந்து நாட்டு அருட்சகோதரி புனித ஃபவுஸ்தினா வழியாக வந்தது. நெஞ்சிலிருந்து வெண்மையும் சிவப்புமாக ஒளி வீசும் இயேசுவை அவர் காட்சியில் கண்டது 1931 பிப்ரவரி 22. அந்த வருடம் அது தவக்காலத்தின் முதல் ஞாயிறு. 1938-இல் 33 வயதில் காலமானார். 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்து, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறு ஆக்கினார். அதற்கான நவநாள் (ஒன்பது நாள் செபம்) பெரிய வெள்ளியன்று தொடங்கும். மதியம் மூன்று மணிக்குச் சொல்லும் செபமாலை சாதாரண ஜெபமாலை மணியிலேயே சொல்லக்கூடியதுதான், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தவக்காலத்தில் ஓரியூர் போவது வழக்கமாமே, ஏன்?

தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர். கத்தோலிக்கக் குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கிழவன் சேதுபதி காலத்தில் அங்கே பாம்பாற்றங்கரையில் வெட்டுண்டார். லிஸ்பனில் பிறந்து, மறவர் நாட்டில் காவி கட்டி, மரக்கறி உண்டு வாழ்ந்தவர். 1686-இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, விடுதலையாகி, ஐரோப்பாவுக்கும் போனவர். அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார்.

அவர் இறந்த நாள் 1693 பிப்ரவரி 4. அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 22-இல் வந்தது. ஈஸ்டர் அதற்கு முன்னால் வரவே முடியாது. அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள்: பிப்ரவரி 4 சாம்பல் புதன். நீ மண் என்று சொல்லும் நாளில் விழுந்தவரின் மண்ணைத்தான் இன்றைக்கும் சனங்கள் சிவப்பு மண் என்று முடிந்து எடுத்துப் போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லோரும்தான்.

நாங்கள் தவக்காலத்தில் இருக்கும்போது ஊரில் திருவிழா. பக்கத்து வீட்டில் பால்குடம் எடுக்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில்தான் விழா. ஊரில் பாதிப்பேர் காப்புக் கட்டி விரதத்தில் இருப்பார்கள். மஞ்சள் சேலையில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளையார் நோன்புக்கு நகரத்தார் வீடுகளில் 21 இழை எடுப்பதைப் பார்த்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் நோன்பு என்ற சொல்லையே கற்றுக்கொண்டார்கள். வெயிலில் நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாரமே எல்லாம் உடைந்துவிட்டது. குடிக்கமாட்டேன் என்றேன், குடித்துவிட்டேன். இனி அடுத்த வருடம்தானா?

அடுத்த வேளைதான். இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நின்று செபிக்கும் சிலுவைப் பாதையில் 14 நிலைகள், அவற்றில் மூன்றில் இயேசு விழுகிறார். விழுந்த இடத்தில் நின்று முழங்கால் போட்டுவிட்டு அடுத்த நிலைக்கு நகர்கிறோமே தவிர, முதலாம் நிலைக்குத் திரும்பப் போவதில்லை. குடியை மனவைராக்கியத்தால் மட்டும் விட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

ஈஸ்டர் அன்று கறி எடுக்கலாம்தானே?

தாராளமாக. சனிக்கிழமை இரவே கடையில் சொல்லிவையுங்கள், ஞாயிறு காலை நம்மாட்கள் மொத்தப்பேரும் வரிசையில் நிற்பார்கள். குழம்பு இறக்கியதும் ஒரு தூக்கில் ஊற்றி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தூக்கு திரும்பி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.